எங்களை என்றார், நம்மை என்றேன்

எங்கள் சபையில் நான் மைக் பிடிக்காத ஞாயிறு அபூர்வம். பிரசங்கம் செய்வதற்கல்ல. அதற்குப் பாஸ்டர் இருக்கிறார். அவர் திருநெல்வேலிக்காரர். அவர் வேகமெடுத்தால் இந்த ஊர்த் தமிழர்களே விழிப்பார்கள். ஓசூரிலிருந்து பாகலூர் போகிற சாலையில், பழைய குடோன் ஒன்றுக்கு வெள்ளையடித்து நடத்துகிற சபை எங்களுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பேரிகைப் பக்கத்திலிருந்து வரும் அம்மாக்களுக்குக் கடைக்காரரிடம் தமிழில் பேரம் பேச வரும், ஆண்டவரிடம் பேச வராது. அதனால் தமிழில் ஒருவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கிற நான் அதைத் தெலுங்கில் சொல்வேன். அப்பா தமிழ், அம்மா தெலுங்கு என்பதால் என் தலையில் விழுந்த ஊழியம் இது.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. "அவர் சொல்கிறார்" என்றெல்லாம் சேர்க்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நேனு' என்றே சொல்ல வேண்டும். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்த வேண்டும். அவருக்குத் தொண்டை அடைத்தால் எனக்கும் கொஞ்சம் அடைக்க வேண்டும். இப்படி நான் லாரி டிரைவராக இருந்து குடியை விட்டிருக்கிறேன். கர்ப்பப்பைக் கட்டி கரைந்து டாக்டரை ஆச்சரியப்படுத்தியிருக்கிறேன். மாமியாரோடு சண்டை போட்டு மருந்து குடிக்கப் போய்த் திரும்பியிருக்கிறேன். எனக்கு மாமியாரே கிடையாது, என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மற்றவர்களுடைய பாவங்களைச் சொல்லிச் சொல்லி, மன்னிப்பு என்பது ஏதோ தினமும் வீட்டு வாசலுக்கு வருகிற பால் பாக்கெட் போல எனக்குப் பழகிவிட்டது.

மொழிபெயர்ப்பில் எனக்குப் பெருமையான ஒரு விஷயம் இருந்தது. தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்கிறவரைத் தள்ளிவைத்தால் நாங்கள், சேர்த்துக்கொண்டால் நாம். தெலுங்கிலும் அப்படியே, 'மேமு' வேறு, 'மனமு' வேறு. 'எங்களை' என்பதற்கு 'மம்மல்னி', 'நம்மை' என்பதற்கு 'மனல்னி'. கன்னடத்தில்தான் இரண்டுக்கும் ஒரே 'நாவு'. சபையில் எனக்கு முன் மொழிபெயர்த்தவர் இரண்டையும் போட்டுக் குழப்புவார். ஆண்டவரிடமே "ஆண்டவரே, நாம் பாவிகள்" என்று தெலுங்கில் சொல்லி அவரையும் பாவிகளோடு சேர்த்துவிடுவார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு அந்தத் தப்பு வந்ததேயில்லை.

என் கணவருக்குத் தெலுங்குதான் தாய்மொழி. தமிழ் பேசுவார், ஆனால் பிரசங்கத்தை என் வாயிலிருந்துதான் கேட்பார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் நான்தான் ஜெபம் செய்வேன். நான் முடித்த பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டு, கனத்த குரலில் "ஆமென்" என்பார். எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். "உங்க ஆமென் வர்றதுக்குள்ள சோறு ஆறிடும்" என்று நான் கேலி செய்வேன்.

அவர் சூளகிரி போகிற வழியில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டினார். வண்டிக்குப் போகும் இரும்புப் பட்டைகளை அழுத்தி வளைக்கிற மெஷின். அதில் ஒரு சென்சார் இருக்கும். கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் புரொடக்‌ஷன் குறையும் என்று சில ஷிஃப்ட்டுகளில் அந்தச் சென்சாரை வேலை செய்யவிடாமல் பைபாஸ் பண்ணிவிடுவார்கள். அப்படிப் பண்ணியிருந்த ஒரு ஷிஃப்ட்டில்தான் அவருடைய வலது கை போயிற்று. மணிக்கட்டோடு.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது வராந்தாவில் அவருடைய லைன் சூப்பர்வைசர் நின்றிருந்தார். எங்கள் சபையின் பிரதர்தான் அவரும். என் கணவருக்கு அந்த வேலை கிடைக்கச் சொல்லிவிட்டவரும் அவர்தான். முகமெல்லாம் வெளிறிப் போய், "சிஸ்டர், அவரே சென்சார பைபாஸ் பண்ணிட்டாரு சிஸ்டர். நான் பாக்கல" என்றார். நான் உள்ளே போனேன். கட்டிலில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நீங்க எதுக்குங்க அந்தச் சென்சாரத் தொட்டீங்க?"

அதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் வார்த்தை. வலிக்கிறதா என்று கூடக் கேட்கவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். "நான் தொடலடி. அவன்தான் ஸ்க்ரூ டிரைவரோட வந்து கழட்டினான். டார்கெட் ஏறலன்னு." நான் உடனே நம்பினேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அது முடிந்துபோன விஷயம் என்று இருந்துவிட்டேன்.

என்கொயரியில் சூப்பர்வைசர் வராந்தாவில் சொன்னதையே சொன்னார். பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாரும் காண்ட்ராக்ட் ஆட்கள். பார்க்கவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கைக்கு மேல் பேரும் போயிற்று. இடது கையால் செய்யக்கூடிய வேலையாக ஏதாவது, ஸ்டோரோ செக்யூரிட்டியோ, என்று எங்கே போய் நின்றாலும் விஷயம் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "சென்சார கழட்டி வேல செஞ்ச ஆள்தானே நீ?" என்பார்கள். அவருடைய கூடப்பிறந்த அண்ணனே, "உனக்குத் தேவையா இந்த வெளையாட்டு?" என்று கேட்டார். கை போனதற்கு என் கணவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார்.

சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேறு சபைக்குப் போகலாமே என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. நான் ஏன் போக வேண்டும், அந்தச் சூப்பர்வைசர் போகட்டும் என்று எனக்கு வைராக்கியம். ஒவ்வொரு ஞாயிறும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் உச்சந்தலையைப் பார்த்தபடி, ஆண்டவருடைய இரக்கத்தைப் பற்றித் தெலுங்கில் பேசினேன். எனக்குள்ளே ஒரு சொட்டு இரக்கம் இல்லை. ஆண்டவருக்கு அது தெரியும், அந்தப் பேரிகை அம்மாக்களுக்குத் தெரியாது.

போன கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நட்சத்திரம் கட்டாததைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, கிறிஸ்மஸ் ஆராதனைக்கு உங்க வீட்டுக்காரரக் கண்டிப்பா கூட்டிட்டு வந்துரும்மா. அந்த பிரதர் ரொம்ப ஒடஞ்சி போயிருக்காரு. எல்லாத்தையும் சபையில சொல்லணும்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு" என்றார்.

உள்ளே போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அவன் வாயால சொல்லுவானா?"

"பாஸ்டர் அப்படித்தாங்க சொன்னாரு."

"எல்லார் முன்னாடியுமா?"

"மைக்லதாங்க. தெலுங்குல நானே சொல்லுவேன்."

அதற்கு அவர் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சிரிப்பை அப்போதுதான் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியம் போதும் எங்களுக்கு. கை திரும்பி வராது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சூப்பர்வைசர் சபையில் சொல்லிவிட்டால் பாதி ஓசூருக்குப் பரவிவிடும். நாலு கம்பெனி ஆட்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பண்ணினேன், அவர் பண்ணவில்லை என்று ஒரு வாக்கியம்.

கிறிஸ்துமஸ் காலையில் நல்ல பனி. குடோனின் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாதி சபை மங்கி குல்லாவோடும் மப்ளரோடும் உட்கார்ந்திருந்தது. என் கணவர் இடது கையால் தானே சவரம் செய்துகொண்டு, தாடையில் இரண்டு இடத்தில் கீறிக்கொண்டு வந்திருந்தார். புது ஸ்வெட்டரின் வலது கையைப் பாக்கெட்டுக்குள் சொருகியிருந்தேன். கதவோரமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினார். அவர் வந்ததில் எனக்குக் கல்யாணப் பெண் மாதிரி படபடப்பு.

பாட்டும் பிரசங்கமும் முடிந்து, நன்றிச் சாட்சி சொல்கிற நேரம் வந்தது. வருஷத்தில் ஆண்டவர் செய்த நன்மைக்கு யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து நன்றி சொல்லலாம். சிலர் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு டெங்கு சுகமாயிற்று, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்தது. எல்லாவற்றையும் நான் தெலுங்கில் கடத்திவிட்டேன். பிறகு சூப்பர்வைசர் எழுந்து வந்தார். மேடையில் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். சோப்பு வாசனை அடித்தது. அவருடைய மனைவி முன் வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள்.

"ஆண்டவர் எனக்குப் பாராட்டின கிருபைக்கு நன்றி சொல்ல வந்திருக்கேன்" என்றார். சொன்னேன்.

"நான் ஒரு பொய் சொன்னேன்" என்றார்.

"நேனு ஒக அபத்தம் செப்பானு" என்றேன். தெலுங்கில் பொய்க்கு அபத்தம் என்றுதான் பெயர். என் குரல் நடுங்கியதை மொழிபெயர்ப்பின் நேர்த்தி என்று நினைத்திருப்பார்கள்.

"அந்தப் பொய்யால ஒரு குடும்பம் ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு."

என் குடும்பத்தை 'ஒரு குடும்பம்' என்று நானே சொன்னேன். பரவாயில்லை, அடுத்த வாக்கியம் வரப்போகிறது. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். என் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அடுத்த வாக்கியத்தின் தெலுங்கு எனக்கு முன்கூட்டியே வாயில் தயாராக இருந்தது. 'சென்சார் தீசேசிந்தி நேனே', சென்சாரைக் கழற்றியது நான்தான். அவர் தமிழில் வாயைத் திறந்தால் போதும்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினார்.

"நானும் என் சம்சாரமும் உபவாசம் இருந்து அழுதோம். ஆண்டவர் எங்கள மன்னிச்சிட்டாரு. என்னோட பாரம் எல்லாம் எறங்கிடுச்சு. ஸ்தோத்திரம்!"

அவ்வளவுதான். அவருக்கு முடிந்துவிட்டது. என்ன பொய், யாரைப் பற்றிய பொய் என்று ஒரு எழுத்து இல்லை. சபை என் வாயைப் பார்த்தது. என் வாயில் இருந்ததோ வேறு வாக்கியம். அதை விழுங்கினேன். அவர் உயர்த்தியது போல இரண்டு கையையும் உயர்த்திச் சொன்னேன்.

"தேவுடு மனல்னி க்ஷமிஞ்சாடு."

ஆண்டவர் நம்மை மன்னித்துவிட்டார். பேரிகை அம்மாக்கள் எல்லாரும் ஒரே குரலில் ஆமென் என்றார்கள். அவர் எங்களை என்றார், நான் நம்மை என்றேன் என்பது அந்த ஆமென் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. திருத்துவதற்குள் கீபோர்டு சத்தம் எழும்பிவிட்டது.

ஆராதனை முடிந்து பாக்கு மட்டைத் தட்டில் பிரியாணி கொடுத்தார்கள். அந்த மனிதரை எல்லாரும் கட்டிப் பிடித்தார்கள். அவர் முகத்தில் ஜுரம் விட்டவனின் தெளிவு. பொய் நடிப்பு என்று சொல்ல மாட்டேன், அவருக்கு உண்மையிலேயே பாரம் இறங்கியிருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கணவரிடம் வந்து, "ஹேப்பி கிறிஸ்மஸ் பிரதர்" என்று வலது கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் பார்த்தார். கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

யாரைக் கேட்டு மன்னித்தீர் ஆண்டவரே என்று நான் மனதுக்குள் கத்தினேன். கை போனது யாருக்கு, பேர் போனது யாருக்கு? அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டீரா? கிறிஸ்துமஸ் அன்று, சபை நடுவில், கையில் பிரியாணித் தட்டோடு நான் செய்த ஜெபம் அது.

வீட்டுக்கு ஸ்கூட்டியில் திரும்பினோம். இப்போதெல்லாம் நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்காருவார். இடது கை என் தோளில் இருக்கும். அன்றைக்கு அந்தக் கை என் தோளில் இல்லை, பின்னால் கம்பியைப் பிடித்திருந்தார். அவர் பேசாமல் வருவது அந்த மனிதர் மேல் உள்ள கோபத்தால் என்றுதான் நினைத்தேன்.

"மனல்னின்னு சொன்ன" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "வாய் தவறிடுச்சுங்க."

"இத்தன வருஷமா தவறல."

"அவன் அப்படிப் பேசுவான்னு நான் எதிர்பாக்கலங்க. கொழம்பிட்டேன்."

ரோஜாப் பூ ஏற்றிய வண்டி ஒன்று எங்களை ஒட்டித் தாண்டிப் போயிற்று.

"மனமு ஏம் சேசாமு?" என்றார். நாம் என்ன செய்தோம்? "அவன் பண்ணான், அவன மன்னிச்சாரு. சரி. என்னையும் எதுக்குச் சேத்த? ஆஸ்பத்திரில கேட்டியே, அதே நெனப்புதானே உனக்கு இன்னும்?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கித் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். தாடையில் அந்த இரண்டு கீறல். இல்லைங்க, சத்தியமாக இல்லைங்க என்றேன். சொல்லும்போதே, அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பிரசங்கங்களில் எப்போதும் 'நம்மை'தான் வரும், சாட்சியில் 'எங்களை' வருவது அபூர்வம், பழக்கதோஷத்தில் நாக்கு போயிருக்கலாம். அல்லது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்ட அந்தப் பெண் இன்னும் எனக்குள்ளேயே நின்றிருந்து, சமயம் பார்த்து மைக்கை வாங்கிப் பேசியிருக்கலாம். இந்த ஊர் முழுக்க அவரைக் குற்றவாளி என்றபோது அவருக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அவருடைய சொந்தப் பாஷையில், நாலு கம்பெனி ஆட்கள் முன்னால், நானும் அவரைக் குற்றத்தில் சேர்த்துவிட்டேன்.

"என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். "தேவுடுதான் க்ஷமிச்சிட்டாரே. மைக்ல நீயே சொன்னியே."

அவ்வளவுதான். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அந்த மனிதர் புதுவருஷத்தில் வேலை மாற்றிக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். போவதற்கு முன் எனக்குக் கேக் கொடுத்தனுப்பினார். அந்த ஒரு வாக்கியம் இன்னும் சொல்லப்படாமலே இருக்கிறது, இனி அதைச் சொல்வதற்கு ஆளும் இல்லை. பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "அவரு எங்கிட்ட எல்லாத்தையும் அறிக்கை பண்ணிட்டாரும்மா. சபையில சொல்லும்போது வாய் வராம தளந்துட்டாரு. நாம என்ன செய்ய?" என்றார். அவரும் 'நாம' என்றார். அவர் நல்லவர், அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

என் கணவர் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். தண்ணீர் பிடித்து வைக்கிறார், ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துத் தருகிறார். ஸ்கூட்டியில் வரும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். நான் மறுபடி இரண்டொரு தரம் மன்னிப்புக் கேட்டேன். "அதான் ஆயிடுச்சே" என்று எழுந்து போய்விடுகிறார். ஆண்டவரின் மன்னிப்பைக் காட்டி மனிதருக்குத் தர வேண்டியதைத் தராமல் போகலாம் என்று அந்தச் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தது அவருக்கும் வந்துவிட்டது. அதைத் தெலுங்கில் சொல்லிக்கொடுத்தது நான்.

இந்தக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பாஸ்டர் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருக்கிறார். வேறு ஆள் இல்லை, போவேன். யாரைக் கேட்டு மன்னித்தீர் என்று போன வருஷம் ஆண்டவரிடம் சண்டை பிடித்தேனே, இப்போது அதையே நினைத்து நன்றி சொல்கிறேன். அவர் யாரையும் கேட்காமல் மன்னிக்கிறவராக இருப்பதால்தான் எனக்கு வழி இருக்கிறது. என் கணவரைக் கேட்டுத்தான் மன்னிப்பேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் போக இடமில்லை. இதை நன்றி என்று சொல்லலாமா தெரியவில்லை. சந்தோஷம் கொஞ்சமும் இல்லாத நன்றி. ஆனால் என்னிடம் இருப்பது அதுதான், அதைத்தான் கொண்டுபோகிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் நான்தான் ஜெபம் செய்கிறேன். எங்களை, நம்மை இரண்டையும் தொடுவதில்லை. என்னை மன்னித்ததற்கு நன்றி ஆண்டவரே என்று முடிக்கிறேன். முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய ஆமென் எப்போதுமே தாமதமாகத்தான் வரும். சோறு ஆறும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, நானே சொல்லிக்கொள்கிறேன்.